மே மாதத் தண்ணீர்

மே மாதத்தில் எங்கள் ஏரித் தண்ணீர் சுத்தம். மே மாதத்தில் யார்தான் சுத்தமில்லை? மலையில் பனி உருகி ஓடைகளில் இறங்கும். காலை வைத்தால் குளிர் முழங்கால் வரைக்கும் கடிக்கும். கரையில் ஈ காக்கா இருக்காது. விடுதி அறைகள் பூட்டிக் கிடக்கும், மெத்தைகள் வெயிலில் காயும். அந்த நேரம் பார்த்து மாவட்டத்திலிருந்து சுகாதாரத்துறை ஜீப் வரும். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவன் இறங்கி, பூட்ஸ்கூட நனையாமல் கரையில் குந்தி, நாலைந்து பாட்டிலில் தண்ணீர் பிடிப்பான். ஜுமகாதிர் வீட்டில் வயிறு முட்டத் தின்பான், ஏப்பம் விட்டுக்கொண்டே ஜீப்பில் ஏறுவான். கொஞ்ச நாளில் காகிதம் வரும்: இந்தக் கரை குளிக்கத் தகுந்தது. ஜுமகாதிர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டுவார். ஆகஸ்டில் வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மேயில் பிடித்த தண்ணீரை நம்பி ஆகஸ்டில் குதிக்கிறவர்களை என்னவென்று சொல்ல!

நான் காலிப்பா. தாஷ்-புலுங் கரையில் கோடை முழுவதும் தள்ளுவண்டியில் அவித்த சோளமும் கறிச் சம்சாவும் விற்கிறேன். என் வண்டிக்கும் ஜுமகாதிரின் விடுதிக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான். என் பாதையில் முக்கால் பங்கை விழுங்கித்தான் அந்தச் சுவரைக் கட்டினார். அதனால் அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கெட்டதைச் சொல்வதற்கும் நான் பொய் கலக்க வேண்டியதில்லை. மனிதர் அந்த அளவுக்குத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்.

கூட்டுப்பண்ணைக் காலத்தில் ஜுமகாதிர் உரக்கிடங்குக் காவலாளி. பண்ணை கலைந்தபோது ஊரே மாட்டுக்கும் டிராக்டருக்கும் அடித்துக்கொண்டது. அவருக்கு மிஞ்சியது யாரும் சீந்தாத கரை மணல். அதைக் கொடுத்தவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் அல்மாட்டி நகரத்திலிருந்து கார் காராக ஆட்கள் குளிக்க வரத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஜுமகாதிர் தீர்க்கதரிசி. "அப்பவே எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தால் எதிரில் நிற்கிறவனுக்குக் கால் மரத்துப்போகும். வரிசையாக அறை கட்டினார். கழிப்பறை கட்டினார். அதற்குரிய குழியை மட்டும் ஏரிப் பக்கமாக மணலிலேயே தோண்டி, மேலே பலகை போட்டு மூடினார். சிமெண்டு உறை இல்லை, ஒரு கல்கூட இல்லை.

"உறை எதுக்கு? மணலு அப்படியே குடிச்சிரும்" என்றார்.

"குடிக்கிற மணலு எங்க போயி ஒண்ணுக்கு இருக்கும்னு யோசிச்சீங்களா?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"பொம்பளைங்களுக்கு எதுலதான் மூக்க நுழைக்கிறதுன்னு கணக்கில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தக் குழி ஒருநாளும் நிறையவில்லை. ஜுமகாதிருக்கு அதில் தாங்க முடியாத பெருமை. எத்தனை பேர் தங்கினாலும் தன் குழி நிறையாது, எல்லாம் கைராசி என்று கல்யாண வீடுகளில்கூடச் சொல்வார். மற்ற விடுதிக்காரர்கள் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு வருடா வருடம் டாங்கர் வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்ததே. நிறையாத குழி எந்த வழியாகக் காலியாகிறது என்று கேட்க ஊரில் ஒரு ஆளுக்கு மூளை வேலை செய்யவில்லை.

விடுதிக்கு நேர் முன்னால் கரை உள்வாங்கி, ஆழமில்லாத சின்னக் குடாவாக இருக்கிறது. அலை அடிக்காது. ஆகஸ்டில் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும், கல்லெல்லாம் பச்சையாக வழுக்கும். அக்டோபரில் காற்று கிளம்பி ஏரியைப் புரட்டினால் கல் மறுபடி வெள்ளையாகும். அதற்குள் வந்தவர்கள் எல்லாரும் ஊர் திரும்பியிருப்பார்கள். ஆகஸ்டில் கைக்குழந்தைகளை அந்தக் குடாவில்தான் விடுவார்கள். பெற்றவர்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பியபடி, "ஆகா, என்ன காத்து, என்ன தண்ணி!" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஜுமகாதிரின் பேத்தி அலிமாவும் அங்கேதான் விளையாடும். நாலு வயதாகப் போகிற குழந்தை, சுள்ளி மாதிரிக் கை கால். அப்பன் எர்மெக் மாஸ்கோவில் கட்டட வேலை செய்கிறான். போனில் மட்டும் குடும்பம் நடத்துகிறவன். தாய் சல்தனத், நரின் என்கிற மலைப்பக்கத்துப் பெண். விடிந்தால் விருந்தாளிகளின் படுக்கை விரிப்பைத் துவைப்பாள், பிறகு பணியாரம் பொரிப்பாள், பிறகு தரை துடைப்பாள், மறுபடி துவைப்பாள். குழந்தையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ள அவளுக்கு ஏது நேரம்! பல நாள் என் வண்டிச் சக்கரத்தடியில் உட்கார்த்திவிட்டுப் போவாள். நான் ஒரு சோளத்தைத் திருப்பிப் போடுகிற நேரத்துக்குள் அது மற்றப் பிள்ளைகளோடு குடாவில் இறங்கிவிடும்.

இரண்டு கோடையாக அந்தக் குழந்தைக்கு ஆகஸ்டு பிறந்தால் வயிற்றுப்போக்கு. போன வருடம் மோசமாகி, மாவட்ட ஆஸ்பத்திரியில் கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். சல்தனத் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். திரும்பி வந்தவள் முன்பு இருந்த சல்தனத் இல்லை. 'இன்னொரு ஆகஸ்டு இந்தப் பிள்ளை தாங்காது எஜே' என்று என்னிடம் சொன்னாள். எங்கள் பக்கத்தில் மூத்தவளையும் மரியாதைக்குரிய பெண்ணையும் எஜே என்றுதான் கூப்பிடுவார்கள்.

இந்தக் கோடை தொடங்கியதும் ஒரு சாயங்காலம் எல்லாரும் தேநீருக்கு உட்கார்ந்திருந்தபோது மாமனாரிடம் கேட்டாள். நான் சம்சாக் காசு வாங்கப் போய் வாசலில் நின்றிருந்தேன்.

"ஆதா, குழிய ரோட்டுக்கு மேல மாத்திட்டா நல்லதுங்க. சிமெண்டு உறை போட்டு."

"எதுக்கு?"

"பாப்பாவுக்கு வயிறு போறது ஆளுங்க வந்த பிறகுதான் ஆரம்பிக்குது. ஆளுங்க போனா நின்னுருது."

"சர்க்கரைப் பாதாமி" என்றார் ஜுமகாதிர்.

"எது?"

"தோட்டத்துப் பழம். பழுக்காத காயத் திங்குது. நானும் சின்ன வயசுல தின்னு கழிஞ்சிருக்கேன். சாகலியே."

மாமியார் துர்சுன்கான் கிண்ணத்தில் பாலை ஊற்றியபடி, "மாமனாருக்குக் குழி தோண்டக் கத்துத்தர்ற மருமகள இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். "நரின்ல உங்க வீட்டுல கக்கூஸே கிடையாதாம். இங்க வந்து சிமெண்டு கேக்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். தங்கியிருந்த அல்மாட்டிக்காரன் ஒருவன்கூட, எதற்கென்று தெரியாமலே, சிரித்தான். சல்தனத் குனிந்து கிண்ணங்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள். எர்மெக்கிடம் போனில் சொன்னபோது, "அப்பாகிட்டக் கேளு" என்றானாம். அப்பாவோடு பேசித்தான் இவனிடம் வந்திருக்கிறாள் என்று அந்தத் தடியனுக்கு உறைத்தால்தானே!

ஜூனில் குழந்தைக்கு ஊசி போடப் போகிறேன் என்று மாவட்டத்துக்குப் போனாள். திரும்பும்போது என் வண்டியருகே வந்து, யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"தண்ணி சோதிக்கிற ஆபீசுக்குப் போயிட்டு வந்தேன் எஜே."

"அடிப்பாவி! தனியாவா?"

"வெனேரான்னு ஒரு அம்மா இருக்காங்க. புதுசு. ஆகஸ்டுல வந்து தண்ணி எடுங்கன்னேன். எந்த விடுதிக்காரன் உன்னை அனுப்பினான், எதிர்க்கடைக்காரனான்னு கேட்டாங்க. யாரும் அனுப்பல, நான் அந்த வீட்டு மருமகதான்னு சொன்னேன். எழுதிட்டிருந்தவங்க பேனாவக் கீழ வெச்சிட்டாங்க."

"வர்றாளாமா?"

"ஆளுங்க குளிக்கிற பருவத்துலயும் ஒருக்கா எடுக்கணும்னு சட்டமே இருக்காம். யாரும் செய்யறதில்லயாம். வர்றேன்னு சொன்னாங்க. தண்ணி கெட்டிருக்குன்னு எழுத்துல வந்துட்டா குழிய மூடித்தான் ஆகணுமாம்." அவள் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன்.

ஆகஸ்டு வந்தது. சோளம் முற்றி, என் அண்டா காலையிலிருந்து இறங்காமல் கொதித்தது. கரையில் கால் வைக்க இடமில்லை. ஒரு காலையில் ஜுமகாதிர் சட்டையை மாற்றிக்கொண்டு, உயரமான வெள்ளைத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தார். தண்ணீர் ஆபீஸ் கிளார்க்கு ஒருவன், அதிகாரி வருகிறாள் என்று போன் போட்டுவிட்டான். அங்கே ஒரு ரகசியம் ஒரு தேநீர் ஆறும் நேரம்கூடத் தாங்காது.

ஜீப் வந்தது. வெனேரா இறங்கினாள். பெரிய உடம்பு, ஆண்பிள்ளைச் செருப்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. டிரைவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். அவள் வாய் திறப்பதற்குள் ஜுமகாதிர் ஆட்டைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிட்டார். கொழுத்த வால் ஆடு, நடக்கவே சிரமப்பட்டது.

"பாதா குடுங்க எஜே" என்று கையை விரித்தார். விருந்தாளி ஆசி சொன்ன பிறகுதான் கத்தி இறங்கும்.

"நான் தண்ணி எடுக்க வந்தேன், கறி திங்க வரல."

"தண்ணி எங்க ஓடிரப்போகுது? எங்க வாசல்ல வந்து உப்பு தொடாம போனா நாளைக்கு நான் நாலு பேரு முன்னால நிக்க முடியுமா? நீங்களும் இந்த மண்ணுல பொறந்தவங்கதானே?"

வெனேரா ஆட்டைப் பார்த்தாள். டிரைவரும் பார்த்தான், எச்சில் விழுங்கினான். அவள் பெருமூச்சு விட்டுக் கையை விரித்து, முணுமுணுவென்று எதையோ சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டாள். "ஓமின்" என்றார் ஜுமகாதிர், அண்டைவீடு நாலுக்கும் கேட்கும்படி. நன்றாகப் படித்தவள்தான், சட்டம் தெரிந்தவள்தான். ஒரு ஆட்டு வாலில் அவ்வளவும் சறுக்கிவிட்டது.

ஆடு அறுத்தால் குடல் கழுவுவது வீட்டு இளைய மருமகள் வேலை. விடுதியை ஒட்டி ஓடை இறங்கி அந்தக் குடாவில்தான் விழுகிறது. எப்போதும் அதில்தான் கழுவுவார்கள். அன்றைக்குச் சல்தனத் குடலும் இரைப்பையும் நிறைந்த தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி மேலே நடந்தாள். சாணி நாற்றம் என் வண்டி வரைக்கும் வந்தது.

"ஏன்டி, ஓடைய விட்டுட்டு எங்க போற?"

"ரோட்டுக்கு அந்தாண்ட, கிழங்குக் காட்டு வாய்க்காலுக்கு. அந்தத் தண்ணி ஏரிக்கு வராது."

"இந்த வெயில்ல இவ்ளோ தூரமா? கனம் தாங்குவியா?"

"இன்னிக்கு இங்க தண்ணி எடுக்கறாங்க எஜே. நாளைக்கு ஒருத்தர் வந்து, குடல் கழுவினதால கெட்டுச்சுன்னு சொல்லிரக் கூடாதில்ல."

ஏறிப்போனாள். அவள் கழுவித் திரும்புகிற வரைக்கும் நான் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் இருக்கிற மொத்த மூளையும் அந்தத் தொட்டியோடு ஏறி இறங்கியது.

கறி வேகிறதற்குள் வெனேரா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மேயில் வருகிறவன் மாதிரி இல்லை. தொடை நனையும் வரைக்கும் போனாள். பாட்டிலின் கழுத்தில் விரல் படாமல் பிடித்து, தலைகீழாக முக்கி, உள்ளே போன பிறகு நிமிர்த்தினாள். படகுத்துறை அருகே ஒன்று, ஓடை வாயில் ஒன்று, குழிக்கு நேர் கீழே குடாவில் இரண்டு. ஒவ்வொன்றையும் ஐஸில் புதைத்தாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "மீன் இருக்கான்னு பாக்கறாங்க" என்று ஒருத்தி பிள்ளைக்கு விளக்கம் சொன்னாள்.

பிறகு வெனேரா கைகழுவி உட்கார்ந்து, வாலெலும்புக் கறியில் தன் பங்கை ஒழுங்காகத் தின்றாள். டிரைவருக்கு ஆட்டுத்தலை கிடைத்தது. ஜுமகாதிர் அவர்களை ரோடு வரைக்கும் வழியனுப்பிவிட்டு வந்து, "முடிஞ்சுது, காகிதம் வந்துரும்" என்றார்.

காகிதம் வந்தது. வெனேராவே எடுத்துக்கொண்டு வந்தாள். கூடவே 'குளிக்கத் தடை' என்று சிவப்பில் எழுதிய தகரப் பலகை ஒன்று. குடாவில் எடுத்த தண்ணீரில் மனிதக் கழிவு, சொல்லவே கூச்சமான அளவு. கரையை மூட வேண்டும், குழியை மூட வேண்டும்.

ஊரே ஜுமகாதிர் முற்றத்தில் கூடிவிட்டது. படகு விடுகிற தெமிர், புகைபோட்ட மீன் விற்கிற ஷாய்ர், பக்கத்து விடுதிக்காரர்கள், எல்லாரும். ஆகஸ்டில் கரையை மூடினால் எல்லார் அடுப்பிலும் தண்ணீர் ஊற்றியது போலத்தான். என் அடுப்பிலும்தான். அன்று காலையிலிருந்து அலிமாவுக்கு மறுபடி வயிறு போக ஆரம்பித்திருந்தது. அதைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை.

ஜுமகாதிர் காகிதத்தைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். தாடையைச் சொறிந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"எஜே, அன்னிக்கு உங்களுக்காக ஆடு அறுத்தமே."

"ஆமா. அதுக்கென்ன?"

"குடல ஓடையிலதான கழுவினாங்க! அந்தச் சாணியெல்லாம் நேரா வந்து உங்க பாட்டில்ல விழுந்திருக்கு. அட, இது தெரியாம போச்சே! பாதாகூட நீங்கதான குடுத்தீங்க?"

வெனேராவின் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்தது. மனிதக் கழிவு, ஆட்டுச் சாணி இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவும் செய்தாள், ஆனால் குரல் இறங்கிவிட்டது. சோதனைக்கு வந்த இடத்தில் ஆட்டுக்கு ஆசி கொடுத்தவள், வாலெலும்பைத் தின்றவள். மேலதிகாரி கேட்டால் எந்த முகத்தோடு பதில் எழுதுவாள்?

"கலந்து போயிருக்கும்" என்றார் ஜுமகாதிர். "ஆட்டுக்குடல், ஆளுக்குடல், எல்லாம் குடல்தான. பாட்டிலுக்கு என்ன தெரியும்?"

"நானே பாத்தேன், ஓடையிலதான் கழுவிச்சு" என்றான் தெமிர். அன்றைக்கு அவன் ஊரிலேயே இல்லை. படகு மோட்டாருக்குச் சாமான் வாங்கக் கரகோல் போயிருந்தான்.

"குடல் நாத்தம் என் கடை வரைக்கும் அடிச்சுது" என்றாள் ஷாய்ர். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் மீன் புகையில் வேகிறவளுக்கு மூக்கு வேலை செய்ததாம்!

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய்யி! அந்தப் பொண்ணு மேட்டுக்குத் தூக்கிட்டுப் போச்சு. நான் கண்ணால பாத்தேன்!"

ஜுமகாதிர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இவ, நான் சுவரு கட்டினதுல இருந்து, என் வீட்டுல பொழுது விடிஞ்சாலும் குத்தம்னுவா" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பீயில் நிற்கிறோம் என்று தெரிந்த பிறகும் சிரிக்கிற ஜனங்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெனேரா காகிதத்தை மடித்தாள். "குடல் கழுவினதுன்னா எடுத்த தண்ணி செல்லாது. அக்டோபர்ல வந்து மறுபடி எடுக்கணும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"அக்டோபர்! ரொம்ப நல்லது! அப்பவும் ஒரு ஆடு அறுத்துருவோம்" என்றார் ஜுமகாதிர்.

"கழுவினது யாரு?"

"மருமகதான். வேற யாரு கழுவுவா?"

"அவங்க வாயால கேட்டுட்டு எழுதறேன். கூப்பிடுங்க."

துர்சுன்கான் உள்ளே ஓடினாள். ஜன்னல் வழியாக அவள் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது: "ஆமான்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான். குடும்பம் நிக்கும்." சல்தனத் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். குழந்தையின் தலை ஈரத்துணி மாதிரித் தொங்கியது. உதடு வெடித்திருந்தது. சல்தனத் முறைப்படி பெரியவர்களுக்குக் குனிந்து வணங்கினாள்.

"குடல எங்க கழுவினே?" என்றாள் வெனேரா.

"ரோட்டுக்கு மேல. கிழங்குக் காட்டு வாய்க்கால்ல."



"புள்ளைக்கு உடம்பு சரியில்ல, அதான் புத்தி தடுமாறுது" என்றார் ஜுமகாதிர் அவசரமாக. "எந்த மருமகளாவது அவ்ளோ தூரம் தூக்கிட்டுப் போவாளா?"

"ஓடையில ஒரு சொட்டு விடல. தண்ணி எடுக்கறாங்கன்னுதான் போனேன்." அவள் வெனேராவை மட்டும் பார்த்துச் சொன்னாள். "ஏரியில கலக்கறது குழி. அது நிறையறதேயில்ல. பலகையத் தூக்கிப் பாருங்க."

வெனேராவுக்கு அப்போதுதான் முதுகு நிமிர்ந்தது. மடித்த காகிதத்தை விரித்தாள். "சரி. குழி யாரோடது?"

ஜுமகாதிர் தொப்பியைச் சரிசெய்தார். பிறகு கையை உதறினார். "எது, அந்தப் பழைய குழியா? அது கூட்டுப்பண்ணைக் காலத்துது. அரசாங்கம் தோண்டினது. எனக்கும் அதுக்கும் என்ன?"

"ஆமாமா, பண்ணைக் குழி" என்றான் தெமிர். "பண்ணைதான் தோண்டுச்சு" என்றாள் ஷாய்ர். கூட்டுப்பண்ணை செத்து எத்தனையோ வருடமாயிற்று. எங்கள் ஊரில் களவு, கடன், நொண்டிக் கழுதை எல்லாவற்றுக்கும் இன்னும் அதுதான் தகப்பன்.

"உடைமைக்காரர் பேரு இல்லாம உத்தரவு எழுத முடியாது" என்றாள் வெனேரா. "யாராவது ஒருத்தர் பேரு சொல்லணும். சொல்றவங்க இந்த வீட்டுக்காரங்களா இருக்கணும், அக்கம்பக்கம் செல்லாது. யார் தோண்டினது?"

எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுப் பெரியவர்" என்றாள் சல்தனத்.

"அப்படி எழுத முடியாது தாயி. எல்லா வீட்லயும் ஒரு பெரியவர் இருக்கார். பேரு வேணும். அப்பா பேரோட."

துர்சுன்கான் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். ஜுமகாதிர்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாக நின்றார். அவர்கள் பயப்படாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். மாமனாரின் அப்பன் பெயரையும் சொல்ல மாட்டாள். சாகிற வரைக்கும் சொல்ல மாட்டாள். சல்தனத் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொன்னதில்லை. விருந்தாளி போனில் விடுதிக்காரர் பேரென்ன என்று கேட்டால், போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவருவாள், நான் சொல்லுவேன். என் மாமனார் மண்ணுக்குள் போய் இருபது வருடமாகிறது, அவர் பெயரை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது, நாக்கு மடங்கிவிடும். இது ஏட்டில் எழுதின சட்டமில்லை, அதனால்தான் அதை ஒருவரும் மீறுவதில்லை.

சல்தனத் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். அது அழக்கூட இல்லை.

"ஜுமகாதிர்" என்றாள். குரல் முதலில் சரியாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "ஜுமகாதிர். அப்பா பேரு பெய்ஷென்பாய். அவர்தான் தோண்டினார். அவரோட குழி."

துர்சுன்கான் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷாய்ர் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜுமகாதிரின் தலையிலிருந்து தொப்பி நழுவி விழுந்ததை அவர் எடுக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் தன் குழியைக் குடிக்கிறார்கள் என்று எழுத்தில் வந்தபோது அந்த முகம் அசையவில்லை. சொந்தப் பேத்தி கண்ணெதிரே துவண்டு கிடந்தபோதும் அசையவில்லை. இப்போது சுண்ணாம்பாக வெளுத்தது.

"பேரச் சொல்லிட்டா" என்றார். "எங்கப்பன் பேரையும் சொல்லிட்டா."

"சொல்லிட்டாளே!" என்றான் தெமிர். "நம்ம காதால கேட்டமே! நாலு பேரு முன்னால!" அதற்குப் பிறகு முற்றத்தில் ஒரே கூச்சல். உத்தரவு எழுதப்பட்டதையோ, டிரைவர் சுத்தியலோடு போய்த் தகரப் பலகையைக் கரையில் அடித்ததையோ யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெனேரா எழுதி முடித்துக் குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். கண் இமையை விலக்கிப் பார்த்தாள். "ஏறு வண்டியில. ஆஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே" என்றாள். சல்தனத் செருப்பைக்கூட மாற்றவில்லை. ஜீப் கிளம்பும்போது துர்சுன்கான் வாசலில் நின்று, "இனி இந்தப் படி ஏறாத" என்று கத்தினாள். சல்தனத் குழந்தையின் வாயில் துணியால் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டாளோ என்னவோ.

மூன்றாம் நாள் நான் சோளத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கையிலேயே நரம்பு கிடைத்திருந்தது. அலிமா எழுந்து உட்கார்ந்து, ஊசி குத்தாத கையால் என் துண்டைத் தேடியது. நர்ஸ் முறைத்ததால் ஒரு மணியை மட்டும் வாயில் போட்டேன்.

"குழிய மூடறாங்கடி. லாரி வந்திருக்கு. ரோட்டுக்கு மேல சிமெண்டு உறை இறக்கறான். தான்தான் யோசனை பண்ணி மாத்தறதா உன் மாமனார் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கான்."

சல்தனத் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "ஊர்ல என்ன பேசறாங்க எஜே?" என்றாள்.

"தண்ணியப் பத்தியா? ஒரு நாய் வாயத் திறக்கல. எல்லாம் நீ பேரச் சொன்னதப் பத்திதான். மேக்கால ஊர்ல இருந்துகூட வந்து விசாரிக்கறாங்க. ஷாய்ரு நீ சொன்ன மாதிரியே செருமிச் செருமிச் சொல்லிக் காட்றா." மிச்சச் சோளத்தைத் துண்டில் இறுக்கிச் சுற்றினேன். "உன் புருஷன் போன் பண்ணினானா?"

"நேத்து பண்ணினார்."

"புள்ளை எப்படி இருக்குன்னு கேட்டானா?"

"இல்ல. அப்பா பேர நெஜமாவே சொன்னியான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"சொன்னேன்னு சொன்னேன். கேக்கலன்னா இன்னொரு தடவ சொல்லட்டுமான்னேன்." அவள் குழந்தையின் வாயோரம் ஒட்டியிருந்த சோளத் தோலைத் துடைத்தாள். "வெச்சிட்டார்."